எடை சரி, தடுப்பூசி சரி, ஆனால் குழந்தை அழுவதே இல்லை. இதை எப்படிப் பதிவு செய்வது?

கேள்வி:
வீடு வீடாகப் போய்க் கைக்குழந்தைகளைப் பார்க்கிற வேலை எனக்கு. 7 மாதக் குழந்தை ஒன்று. எடை, நீளம் இரண்டும் ஒழுங்காக ஏறியிருக்கின்றன, உடுப்பும் சுத்தம். ஆனால் பின்தலை தட்டையாகி அங்கே முடி தேய்ந்திருக்கிறது, குனிந்து கூப்பிட்டால் என் முகத்தை விட்டுவிட்டு விளக்கையே பார்க்கிறது, நான் இருந்த முக்கால் மணி நேரமும் ஒரு சிணுங்கல்கூட இல்லை. "ரொம்பச் சமத்து, தொந்தரவே கிடையாது" என்கிறார் அம்மா. படிவத்தில் 'புறக்கணிப்பு: உண்டு / இல்லை' என்று இரண்டே கட்டம். எதை டிக் செய்வது?

பதில் 1:
ஒரு தடவை பார்த்ததை வைத்து எதையும் டிக் செய்யாதீர்கள். தட்டைத் தலையை மட்டும் சாட்சியாக எடுக்க முடியாது, மல்லாக்கப் படுக்க வைத்துத் தூங்கவைப்பதுதான் பாதுகாப்பு என்பதால் நன்றாகக் கவனிக்கிற வீட்டிலும் அது வரும். 'பாசமில்லை' என்று எழுதாமல், 'புட்டியைத் துணியில் சாய்த்து வாயில் வைத்தார், குழந்தை 4 முறை முகத்தைத் திருப்பியது, யாரும் தூக்கவில்லை' என்பது போல, கண்ணால் கண்டதை நேரத்தோடு எழுதுங்கள்.

பதில் 2:
குழந்தை மற்றவர்களிடமிருந்து ஒதுங்கிப்போகிறதா என்று பார்க்கவே ஏ.டி.பி.பி. (ADBB) என்ற அளவுகோல் இருக்கிறது. பிரான்ஸில் உருவானது, 2 முதல் 24 மாதக் குழந்தைகளுக்கு. முகபாவம், கண் தொடர்பு, குரல், அசைவு, கூப்பிட்டால் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று 8 விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டினால் 5 அல்லது அதற்கு மேல் என்றால் விசாரிக்க வேண்டும். பயிற்சி எடுத்தவர்தான் போட வேண்டும். அப்புறம், குழந்தை ஒதுங்கிப்போயிருக்கிறது என்பதை அது காட்டுமே தவிர, காரணத்தைச் சொல்லாது. காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

பதில் 3:
அந்த அம்மாவையும் பாருங்கள், தயவுசெய்து. என் முதல் பிள்ளைக்கு 4 மாதம் ஆனபோது பாலூட்டுவேன், குளிப்பாட்டுவேன், ஆனால் அதன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை வராது. அதுவும் மெல்ல மெல்லச் சத்தத்தை நிறுத்திக்கொண்டது. வந்தவர்கள் எல்லாரும் எடையைப் போட்டு 'நன்று' என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஒரு நர்ஸ் மட்டும், பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ படிவத்தின் 10 கேள்விகளையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார், அதற்குப் பிறகுதான் எனக்கு மனச்சோர்வுக்குச் சிகிச்சை கிடைத்தது.

கேள்வி கேட்டவர்:
இன்று மறுபடி போனேன். காது, கண் பரிசோதனைக்குத் தேதி வாங்கியாயிற்று. "நீங்கள் தூங்குகிறீர்களா?" என்று அம்மாவிடம் கேட்டேன், பதில் சொல்லாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கட்டம் இரண்டையும் காலியாக விட்டு, பின்பக்கத்தில் முழுசாக எழுதியிருக்கிறேன். வியாழக்கிழமை அந்த எடின்பரோ படிவத்தோடு போகிறேன்.