ஏர் ஃப்ரையர்ல மொறுமொறுன்னு வர மாட்டேங்குது, ஐடியா சொல்லுங்க

சத்துவாச்சாரி:
டிஜிட்டல் ஏர் ஃப்ரையர் வாங்கியிருக்கோம், இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய நறுக்கி மசாலா தடவி 200 டிகிரில வெச்சா மேல கருகுது உள்ள வேகல, சிக்கன் 65-ம் தண்ணி விட்டுக்குது. இன்னா பண்றது?

குடியாத்தம் அக்கா:
உள்ள சுத்துறது சூடு காத்து தான்மா, அது எல்லா பக்கமும் படணும், கூடைய ரொப்பிட்டா ஆவில வேகுமே தவிர மொறுமொறுப்பு வராது. ஒரே அடுக்கா பரப்பு, ரெண்டு தடவையா போட்டாலும் பரவால்ல. கத்திரிக்காய்ல உப்பு பிசறி கொஞ்ச நேரம் வெச்சு வர்ற தண்ணிய துணில ஒத்தி எடுத்துட்டு ஒரு ஸ்பூன் எண்ணெய் தடவி 180-ல 12 நிமிஷம் வை, பாதில ஒரு குலுக்கு. எண்ணெயே வேணாம்னு சொல்றவங்க பேச்ச கேக்காத, மசாலா மாவு மாவா நிக்கும்.

ஆம்பூர்:
சிக்கனுக்கு தயிர குறைச்சுட்டு அரிசி மாவு சேருங்க. 180-ல வேக வெச்சு கடைசி 3 நிமிஷம் மட்டும் 200. கறி நடுவுல 74 டிகிரி வரணும், அது முக்கியம். பஜ்ஜி மட்டும் இதுல வேணாங்க, மாவு ஓட்டை வழியா ஒழுகிடும், அதுக்கு வாணலி தான்.

சத்துவாச்சாரி:
முன்னாடியே சூடு பண்ணணுமா அக்கா?

குடியாத்தம் அக்கா:
ஆமாமா, 3 நிமிஷம் காலியா ஓட விட்டுட்டு அப்புறம் போடு.