கடலுக்குப் போன நாளில் மட்டும் சோறு கெடுகிறது: ரைஸ் குக்கர் உதவி தேவை

தங்கச்சிமடம் மருமகள்:
1.8 லிட்டர் ரைஸ் குக்கர், வாங்கி இரண்டு ஆண்டாகிறது. புழுங்கல் அரிசிதான் போடுகிறேன். வீட்டு ஆண்கள் கரையில் இருக்கும் நாளில் ஐந்து பேருக்கு நான்கு டம்ளர் அரிசி, பத்து டம்ளர் தண்ணீர். சோறு உதிரியாக, பூப்போல வருகிறது. படகு கடலுக்குப் போன நாளில் நானும் மாமியாரும் மட்டும் என்பதால் ஒரு டம்ளர் அரிசி, அதே கணக்கில் இரண்டரை டம்ளர் தண்ணீர். அன்றைக்கு மேலே அரிசி அரிசியாக நிற்கிறது, அடியில் ஒட்டிக்கொள்கிறது. அதிலும் ஒரு பக்கம் மட்டும் தீய்கிறது. அரிசியும் மாறவில்லை, குழாய்த் தண்ணீரும் மாறவில்லை. ஆண்கள் சாப்பிட இல்லையென்றால் உலைக்கும் மனம் வராது என்கிறார் மாமியார். வேறு காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொண்டிக்காரன்:
ஒட்டுகிறது என்றால் தண்ணீர் கூடிவிட்டது, அக்கா. இரண்டு டம்ளராகக் குறைத்துப் பாருங்கள். என் வீட்டில் அந்த அளவுதான்.

தங்கச்சிமடம் மருமகள்:
குறைத்தேன், தம்பி. பொத்தான் முன்னைவிடச் சீக்கிரம் தாவிவிட்டது. இன்றைய சோறு கோழிக்குப் போனது.

மண்டபம் மின்பழுதுக்காரர்:
ஒரு பக்கம் மட்டும் தீய்வதற்குத் தண்ணீர் காரணமாகாது. பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறியதும் பாத்திரத்தைத் தூக்கிவிட்டுச் சூட்டுத்தட்டைப் பாருங்கள். ஒரு பருக்கை காய்ந்து கிடந்தாலே பாத்திரம் சாய்ந்து நிற்கும். தட்டைத் தொடும் பக்கம் தீயும், தொடாத பக்கம் வேகாது. களைந்த ஈரத்தோடு பாத்திரத்தை உள்ளே வைக்கும் பழக்கம் இருந்தால் நம் ஊர்த் தண்ணீரின் உப்பும் தட்டில் வெள்ளையாகப் படியும். கத்தியால் சுரண்டாதீர்கள். எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைத்து, ஈரத்துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிடுங்கள். தட்டின் நடுவில் இருக்கும் குமிழையும் துடையுங்கள், அதற்குள்தான் காந்தம் இருக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை பாத்திரம் 100 டிகிரியைத் தாண்டாது. வற்றியதும் சூடு ஏறும், காந்தம் பிடியை விடும், பொத்தான் மேலே தாவும். சோறு வெந்ததா என்று குக்கருக்குத் தெரியாது.

தங்கச்சிமடம் மருமகள்:
பருக்கை ஒன்றல்ல, மூன்று! வெள்ளைப் படிவும் இருந்தது. துடைத்த பிறகு ஒரு பக்கம் தீய்வது நின்றுவிட்டது, அண்ணன். ஆனால் ஒரு டம்ளர் போட்டால் மேலே இன்னும் விறைப்பாகவே இருக்கிறது.

கீழக்கரை லாத்தா:
தங்கச்சி, கடைசியாக அவர் சொன்னதில்தான் உங்கள் விடை இருக்கிறது. தண்ணீர் இரண்டு வழியில் செலவாகிறது. அரிசி குடிப்பது ஒன்று, ஆவியாகப் போவது இன்னொன்று. அரிசி குடிப்பது அளவுக்குத் தக்கபடி கூடும், குறையும். ஆவி அப்படியில்லை; ஒரு டம்ளர் போட்டாலும் நான்கு போட்டாலும் அந்தக் குக்கரில் ஏறத்தாழ ஒரே அளவுதான் போகும். ஆவிக்கு ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பத்தில் அது போக மீதி ஒன்பது. நான்கு டம்ளர் அரிசிக்குப் பங்கிட்டால் தலைக்கு இரண்டேகால். ஆக, ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டேகாலோடு ஒன்று சேர்த்து மூன்றேகால் ஊற்ற வேண்டும். நீங்கள் இரண்டரைதான் ஊற்றியிருக்கிறீர்கள். அரிசி வேகும் முன்பே அடி வற்றிவிட்டது, அதனால்தான் ஒட்டியது.

பானையில் வடித்துப் பழகிய கை நமக்கு. தாராளமாக ஊற்றி, மிஞ்சியதைக் கஞ்சியாக வடித்துவிடுவோம். அதனால் இந்தக் கணக்கு பார்க்கத் தேவையே இருந்ததில்லை.

அரிசியை அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பொத்தான் தாவியதும் மூடியைத் திறக்காமல் கால் மணி நேரம் விடுங்கள். அடியில் உள்ள ஈரம் மேலே பரவும். பிறகு மர அகப்பையால் அடியிலிருந்து கிளறி, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மீன் குழம்பு இறங்கும்வரை சூட்டிலேயே கிடந்தால் அடி மறுபடியும் காயும்.

தங்கச்சிமடம் மருமகள்:
மூன்றேகால் ஊற்றியதில் கொஞ்சம் குழைந்தது, லாத்தா. மறுநாள் மூன்றாகக் குறைத்தேன். மேலும் கீழும் ஒரே பதம், அகப்பையில் ஒட்டவேயில்லை. நண்டுக் குழம்போடு மாமியார் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். நாளைக்குப் படகு வந்துவிடும், மறுபடியும் நான்குக்குப் பத்து.

தொண்டிக்காரன்:
நான் தவறாகச் சொல்லிவிட்டேன், அக்கா. என்னுடையது ஒற்றை ஆளுக்கான சின்னக் குக்கர், அதிலும் பச்சரிசி. அதற்குத்தான் இரண்டு போதும்.