செட்டில்மென்ட் கிராக்: ‘படிவு விரிசலா’, ‘இறங்கு விரிசலா’?

அன்புடையீர், வணக்கம்.

பழைய வீடு வாங்குவோருக்குப் பொறியாளர் தரும் ஆய்வறிக்கையைத் தமிழில் எழுதும்போது ‘செட்டில்மென்ட் கிராக்’ (அஸ்திவாரம் இறங்குவதால் சுவரில் விழும் விரிசல்) என்பதற்குப் ‘படிவு விரிசல்’ என்று வைத்துக்கொள்ளலாம் என முந்தைய மடலில் நண்பர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. சுவரில் உப்புப் பூத்திருப்பதையும் அதே அறிக்கை ‘உப்புப் படிவு’ என்று குறிக்கக்கூடும். படிப்பவர் இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, சுரண்டிவிட்டு வெள்ளையடித்தால் சரியாகிவிடும் என்று எண்ணிவிடுவார். (‘தீர்வு விரிசல்’ என்ற மொழிபெயர்ப்பையும் பார்த்திருக்கிறேன், வழக்கை முடித்துவைத்த விரிசல் போலும்.)

கொத்தனார்கள் “மூலை இறங்கிடுச்சு” என்கிறார்கள். அஸ்திவாரத்தின் ஒரு பகுதி மட்டும் மற்றதைவிடக் கூடுதலாக இறங்கும்போது, சன்னல் மூலையிலிருந்து சாய்வாக, செங்கல் இணைப்புகளின் வழியே படிக்கட்டுப் போல ஏறிச் செல்லும் விரிசல் அது. பூச்சு காய்கையில் வலைபோல் ஓடும் மயிரிழைக் கோடுகளுக்குச் ‘சுருக்க விரிசல்’ என்னும் பெயர் போதும். அவற்றுக்காகப் பேரத்தை முறிக்க வேண்டியதில்லை.

‘இறக்க விரிசல்’ என்றால் சாவு நினைவுக்கு வருகிறது என்பதால், ‘இறங்கு விரிசல்’ என வினைத்தொகையாக்கினேன். அதில் நான் எதிர்பாராத ஒரு வசதி கிடைத்தது. காலங்கரந்த பெயரெச்சமாதலால் இறங்கிய, இறங்குகின்ற, இறங்கும் என மூன்றுக்கும் அது இடங்கொடுக்கிறது. வாங்குபவர் கேட்டறிய வேண்டியதோ அந்தக் காலத்தைத்தான். கட்டிய சில ஆண்டுகளில் இறங்கி நின்றுவிட்ட சுவருக்குப் பெரும்பாலும் விரிசலை அடைத்துப் பூசினால் போதும். இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் சுவருக்கு அஸ்திவாரத்தையே தொட வேண்டிவரும். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டி, அருகில் தேதி எழுதி, சில மாதங்கள் கழித்துப் பார்ப்பது பழைய முறை: கண்ணாடி உடைந்திருந்தால் அசைவு நிற்கவில்லை. ஆகவே ‘நின்றுவிட்டது’ அல்லது ‘நிற்கவில்லை’ என்று அறிக்கையாளர் சொல்லின் அருகிலேயே எழுதியாக வேண்டும்.

ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. கோவில்பட்டி போன்ற கரிசல் நிலத்தில் கோடையில் மண் சுருங்கி விரிசல் அகலும். மழையில் மண் உப்பி அது மூடும். கண்ணாடி அங்கும் உடையும், ஆனால் காரணம் வேறு. அதை இறங்கு விரிசலில் அடக்கக் கூடாது. ‘மண்ணுப்பு விரிசல்’ என்றாலோ மறுபடி உப்பிலேயே போய் நிற்போம். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.