ஆன்லைன் வகுப்பில் எந்தப் படம் எடுபட்டது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பென்னாகரம், சமூக அறிவியல்:
2020 மார்ச்சில் பூட்டிய பள்ளி ஜூலையிலும் திறக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு ஆற்று அரிப்பு நடத்த வேண்டும். ஒரு வாரம் தூக்கம் கெட்டு, பின்னணி இசை, பறக்கும் எழுத்து, சுழலும் பூமி என்று பெரிய வீடியோ ஒன்று செய்தேன். வாட்ஸ்அப்பில் 16 எம்பிக்கு மேல் போகவில்லை என்பதால் மூன்று துண்டாக வெட்டி அனுப்பினேன். இரண்டாம் துண்டுதான் முதலில் வந்தது என்றான் ஒரு பையன். மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை. விசாரித்தால், பல வீடுகளில் ஒரே போன். அதுவும் அப்பாவோடு ஓசூர் போனால் சனிக்கிழமைதான் திரும்பும்.

சரி என்று, என் போனில் இருந்த இரண்டு ஒகேனக்கல் போட்டோக்களைச் சுருக்கி அனுப்பினேன். ஒன்று கோடையில் பாறை எலும்பாகத் தெரிவது, இன்னொன்று அதே இடம் வெள்ளத்தில். கூடவே ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ்: "எது மாறியிருக்கு, எது மாறல?" இரவுக்குள் பதில்கள் குவிந்தன. ஒரு மாணவி தானே எடுத்த படத்தை அனுப்பினாள். பாறையில் வட்டவட்டமாகக் குழிகள். "டீச்சர், எங்கப்பா பரிசல் ஓட்டுறார். இந்தக் குழிக்குள்ள எப்பவும் உருண்டைக் கல்லு கிடக்கும்னு சொல்றார். ஏன்?" கேள்வியிலேயே பதில் இருந்தது. அந்தக் கல்லைத்தான் நீர்ச்சுழல் உருட்டி உருட்டிப் பாறையைக் குடைகிறது. அவள் படத்தின் மேலேயே விரலால் ஒரு சிவப்பு வட்ட அம்பு போட்டுத் திருப்பி அனுப்பினேன். அந்த மாதம் நான் செய்த உருப்படியான கிராஃபிக்ஸ் அதுதான்.

கிருஷ்ணகிரி, இயற்பியல்:
டீச்சருக்குப் போட்டோ போதும், எனக்குப் போதாது. மின்னோட்டம் அசைந்தால்தான் புரியும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' செயல்விளக்கங்களை எடுத்துக்கொண்டேன். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது, இலவசம். பேட்டரி, பல்ப், கம்பி எல்லாவற்றையும் விரலால் இழுத்து மாட்டலாம்; எலக்ட்ரான் நகர்வது தெரியும். பேட்டரியின் இரு முனைகளையும் கம்பியால் நேரே இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். அவ்வளவுதான், பல்பை எரியவிடச் சொன்னதை மறந்துவிட்டு வகுப்பே பேட்டரியைக் கொளுத்திக்கொண்டிருந்தது! திட்ட வாயெடுத்தேன். அதற்குள் ஒருவன், "சார், எங்க மாந்தோப்பு மோட்டாருக்கு ஃபியூஸ் போறதும் இதனாலயா?" என்றான். அன்றைக்குப் பாடம் ஷார்ட் சர்க்யூட் என்கிற குறுக்குச்சுற்றுக்குத் தாவிவிட்டது. நான் திட்டமிட்ட ஓம் விதி அடுத்த வாரத்துக்குப் போனது.

தருமபுரி, கணக்கு:
என் ஸ்லைடுகள் கம்ப்யூட்டரில் பளிச்சென்று இருந்தன. என் பழைய போனில் திறந்து பார்த்தால் எழுத்தெல்லாம் கடுகு. அப்புறம் ஸ்லைடையே விட்டுவிட்டேன். இரண்டு அடுக்குப் புத்தகங்களுக்கு நடுவே ஸ்கேலைப் பாலம் போட்டு, அதன்மேல் போனைக் கவிழ்த்து வைத்து, கீழே தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அடித்தல் திருத்தல் எல்லாம் அப்படியே தெரிந்தது. "மிஸ், நீங்களும் தப்பு போடுவீங்களா?" என்றது ஒரு குரல். அதுவரை மைக்கே திறக்காத பையன்.

பென்னாகரம், சமூக அறிவியல்:
ஸ்கேலா! நான் தோசைக்கரண்டியை வைத்துச் சமாளித்தேன். இரண்டு முறை போன் கீழே விழுந்தது.