அம்மாவின் சுங்குடிச் சேலைகளைக் குவில்ட்டாகத் தைக்கலாமா?

வைகைக்கரை (லூயிவில், கென்டக்கி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். துணித் துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சு விரிப்பு வைத்து குவில்ட் என்னும் போர்வை தைப்பது பல ஆண்டுகளாக என் அன்றாட வாழ்க்கையோடு கலந்துவிட்ட வேலை. மகளின் பள்ளிச் சட்டைகளை வெட்டித் தைத்த முதல் போர்வை இன்றும் அவளுடைய கல்லூரி விடுதிக் கட்டிலில் கிடக்கிறது. ஒவ்வொரு வசந்த காலத்திலும் குவில்ட் வாரக் கண்காட்சிக்காகப் பதூகா நகருக்குக் காரில் போவோம். என் கணவர் ஓகையோ ஆற்றங்கரையில் உலாவிக்கொண்டிருக்க, நானும் மகளும் 1991-இல் திறக்கப்பட்ட தேசிய குவில்ட் அருங்காட்சியகத்திற்குள் நுழைந்தால் மாலைவரை வெளியே வர மாட்டோம்.

சென்ற ஆண்டு மதுரையில் என் அம்மா காலமானார். அவருடைய பீரோவில் இருந்த சுங்குடிச் சேலைகள், சில கண்டாங்கிகள், இரண்டு பட்டுச் சேலைகள் ஆகியவற்றை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் பொறுப்பை என் அக்காவும் அண்ணியும் என்னிடம் விட்டிருக்கிறார்கள். பேரப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாட்டியின் சேலையில் ஒரு போர்வை தைத்துக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. அக்காவுக்கு அதில் முழுச் சம்மதம். அண்ணிக்கோ, அத்தை உடுத்திய சேலையில் கத்தரி வைப்பதற்கு மனம் ஒப்பவில்லை. அம்மாவைக் கடைசிவரை அருகிலிருந்து பார்த்துக்கொண்டவர் அவர்தான் என்பதால், அவருடைய மனம் நோக எதையும் செய்ய எனக்கு விருப்பமில்லை.

தலைத் திவசத்திற்காக மார்கழியில் ஊருக்குப் போகிறேன், பொங்கல் வரை அங்கே இருப்பேன். வீட்டில் அம்மாவின் பழைய கால் மெஷின் நல்ல நிலையில் இருக்கிறது. நான் இதுவரை தைத்ததெல்லாம் குவில்ட்டுக்கென்றே விற்கப்படும் அழுத்தமான பருத்தித் துணியில்தான். பல முறை துவைத்து மெலிந்துபோன சேலைத் துணி தையலைத் தாங்குமா? பட்டையும் ஜரிகையையும் எப்படிக் கையாள்வது? நெடிய விமானப் பயணத்தில் கையில் வைத்துத் தைக்கக்கூடிய பகுதி ஏதேனும் உண்டா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஊசிமுனை (ஹூஸ்டன்) எழுதியது:

அம்மாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். நான் என் மாமியாரின் சேலைகளில் இரண்டு போர்வைகள் தைத்திருக்கிறேன், எனவே துணியைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும்.

முதலில் ஒவ்வொரு சேலையையும் பகல் வெளிச்சத்தில் ஜன்னலுக்கு எதிரே விரித்துப் பிடித்துப் பாருங்கள். இடுப்பில் செருகிய பகுதியும், கொசுவத்தின் அடியில் கால் பட்டுத் தேய்ந்த ஓரமும் சல்லடைக் கண்ணாய்த் தெரியும். அவற்றை ஒதுக்கிவிட்டு முந்தானையையும் உடலின் நடுப்பகுதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது சாயம். சுங்குடியின் சிவப்பும் கருநீலமும் எத்தனை ஆண்டு துவைத்திருந்தாலும் நம்பக்கூடியவை அல்ல. ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால், குளிர்ந்த நீரில் தனியாக அலசி, நீர் தெளியும் வரை மறுபடியும் அலசிய பிறகே வெட்ட வேண்டும்.

நெசவு இளகிய துணி என்பதால், நாம் வழக்கமாகத் தையலுக்கு விடும் கால் அங்குலம் போதாது, அரை அங்குலம் விடுங்கள். வெட்டுவதற்கு முன் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் துணி வழுக்காது, அளவும் கோணாது. மிகவும் மெலிந்த துண்டுகளுக்குப் பின்னால், இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய நெய்த ஃபியூசிங் துணியை ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் எல்லாத் துண்டுகளுக்கும் அதை ஒட்டினால் போர்வை அட்டைபோல விறைத்துவிடும். சேலையின் அந்த இளகிய மென்மைக்காகத்தானே இத்தனை பாடுபடுகிறோம்! சிறு துண்டுகளாக நறுக்காமல் 8 அல்லது 10 அங்குலச் சதுரங்களாக வைத்துக்கொண்டு, மேல் துணி, பஞ்சு விரிப்பு, அடித் துணி மூன்றையும் சேர்க்கும் தையல் வரிகளை இரண்டு மூன்று அங்குல இடைவெளியில் நெருக்கமாக ஓட்டுங்கள். அந்த நெருக்கம்தான் பழைய துணிக்குத் தாங்குபலம். நேர்த் தையலுக்குக் கால் மெஷினைப் போல நிதானமான இயந்திரம் வேறில்லை.

பட்டுச் சேலையை, மடிப்பு விழுந்த இடத்தில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். இற்றுப்போயிருந்தால் அங்கேயே கீறிக்கொள்ளும். அப்படிப்பட்ட பட்டு, துவைத்துப் புழங்கும் போர்வைக்கு ஆகாது. ஜரிகை குழந்தையின் கன்னத்தில் உரசும், நாளடைவில் கறுக்கும். பட்டின் முந்தானையைச் சுவரில் மாட்டும் சிறு குவில்ட்டாகத் தைப்பதே முறை.

இன்னொரு கணக்கையும் சொல்கிறேன். ஒரு சேலையின் பரப்பு 6 சதுர மீட்டருக்குக் குறையாது. ஒற்றைக் கட்டிலுக்கான 60-க்கு 80 அங்குலப் போர்வையின் மேல்பக்கம் ஏறத்தாழ 3 சதுர மீட்டர்தான். ஆகவே சேலைகள் அனைத்தையும் வெட்ட வேண்டிய தேவையே எழாது. எதை முழுதாக வைத்துக்கொள்வது என்பதை உங்கள் அண்ணியையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

நீலக்கரை (பெங்களூரு) எழுதியது:

மேலே சொன்னவை அனைத்தும் சரியே. ஆனால் அமெரிக்க முறையில் மட்டுமே யோசிக்க வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது. மதுரை வெயிலில் பஞ்சு விரிப்பு வைத்த போர்வையை யார் போர்த்திக்கொள்வார்கள்? நம் நாட்டிலேயே பழைய சேலைகளைக் கொண்டு தைக்கும் மரபுகள் செழித்திருக்கின்றன. வங்காளத்தின் காந்தாவில் மெலிந்த சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விளிம்பு முதல் விளிம்பு வரை ஓட்டுத் தையல் போடுகிறார்கள். பழைய நாளில் அதற்கு வேண்டிய வண்ண நூலைக்கூட சேலைக் கரையிலிருந்தே உருவி எடுத்தார்கள். பஞ்சு கிடையாது, சேலையே பஞ்சு. இதில் சேலையை ஓரிரு இடங்களில் குறுக்கே வெட்டினால் போதும், அல்லது வெட்டாமல் மடித்தே தைத்துவிடலாம். உங்கள் அண்ணியின் மனத்தாங்கலுக்கு இது நல்ல விடையாக இருக்கும்.

கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாளப் பக்கங்களில் வாழும் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வையும் பார்க்கத் தகுந்தது. ஆப்பிரிக்க வம்சாவளியினரான அவர்கள், அடியில் ஒரு சேலையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி ஓரத்தைச் சுற்றியே துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டு நடுவை நோக்கி வருவார்கள். முன்கூட்டியே வரைந்த அளவு எதுவும் கிடையாது. கடைசியில் நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணி அடுக்குகளைப் பூவென வைத்துத் தைத்தால்தான் அவர்களுக்கு அந்தப் போர்வை நிறைவு பெறும். என் கணவரின் ஊருக்குப் போகும் வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் இதைத் தைத்துக்கொண்டிருந்த பாட்டியம்மாவின் அருகே அமர்ந்து பார்த்திருக்கிறேன். அவர் துணியை அளக்கவே இல்லை, விரலால் ஓரத்தை உள்ளே மடித்துக்கொண்டே போனார்.

தமிழ்நாட்டிலும் பாட்டியின் நைந்த சேலைதான் தொட்டில் கட்டவும், பிறந்த குழந்தையைச் சுற்றவும் தேடி எடுக்கப்படும் துணி. எனவே அம்மாவின் சேலை பேரப் பிள்ளைகளின் உடம்பைத் தொடுவது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. ஓட்டுத் தையலுக்கு மெஷின் தேவையில்லை என்பதால், அண்ணியையும் அக்காவையும் கூடத்தில் உட்காரவைத்து மூவரும் மூன்று பக்கத்திலிருந்து தைக்கலாம்.

தெற்குக்காற்று (அட்லாண்டா) எழுதியது:

கென்டக்கியிலிருந்து காரில் வரக்கூடிய தொலைவில் இருக்கிறீர்கள் என்பதால், அலபாமாவின் கீஸ் பெண்டுக்கு ஒருமுறை குடும்பத்தோடு வந்துபோகும்படி கேட்டுக்கொள்கிறேன். மூன்று பக்கம் அலபாமா ஆறு வளைத்து ஓடும் சிறிய கறுப்பின ஊர் அது. அங்குள்ளவர்கள் வாக்குரிமைக்காகப் போராடிய காலத்தில், 1962-இல் நிறுத்தப்பட்ட படகுப் போக்குவரத்து 2006-இல்தான் மீண்டும் தொடங்கியது. அவ்வூர்ப் பெண்கள் உழவு வேலைக்கு உடுத்திக் கிழிந்த துணிகளிலிருந்து தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டன.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு அவ்வூர்ப் பெண்மணி மிசூரி பெட்வே 1942-இல் தைத்த போர்வைதான் நினைவுக்கு வந்தது. இறந்துபோன தம் கணவரின் வேலை உடைகளைப் பிரித்து, அவருடைய நினைவாகவும் அவருடைய அன்பைப் போர்த்திக்கொள்வதற்காகவும் அவர் அதைத் தைத்தார் என்பதை மகள் ஆர்லான்சியா பின்னாளில் சொல்லியிருக்கிறார். முழங்கால் தேய்ந்து வெளுத்த இடம்கூட அதில் அப்படியே தெரிகிறது. நீங்களும் அம்மாவின் சேலையில் இருக்கும் மஞ்சள் கறையை வெட்டி எறிந்துவிடாதீர்கள்.

விமானத்தில் தைப்பதற்கு அறுகோணத் துண்டுகளே ஏற்றவை. ஒரு அங்குலக் காகித அறுகோணங்களின்மேல் துணியை மடித்து நூலோட்டி, பிறகு விளிம்போடு விளிம்பு கைத்தையலால் இணைப்பது. ஒரு சிறிய தகர டப்பாவில் எல்லாம் அடங்கிவிடும். ஊர் போகும்போது பழகிய துணியில் தைத்துப் பாருங்கள், திரும்பும்போது சேலைத் துண்டுகள் கையில் இருக்கும். அமெரிக்க விமான நிலையங்களில் ஊசியையும், திருகாணியிலிருந்து 4 அங்குலத்துக்குக் குறைவான அலகுடைய கத்தரியையும் கைப்பையில் அனுமதிக்கிறார்கள். துணி வெட்டும் உருளைக் கத்தியை அனுமதிப்பதில்லை. வழியில் மாறும் நிலையங்களிலும் இந்தியாவிலும் விதிகள் வேறுபடலாம் என்பதால், கத்தரியைப் பெட்டியில் போட்டுவிட்டு நூலை முன்கூட்டியே அளவாக வெட்டி எடுத்துச் செல்வது நல்லது.

வைகைக்கரை எழுதியது:

உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நேற்று இரவு அண்ணியுடன் வீடியோவில் பேசினேன். வெட்டாமல் அடுக்கித் தைக்கும் முறையைக் கேட்டதும், அம்மா வெள்ளிக்கிழமைகளில் உடுத்தும் பச்சைச் சுங்குடியை மேல்பக்கமாக வைக்க வேண்டும் என்று அவரே சொன்னார். ஆகவே மதுரையில் தைப்பது காந்தா முறையில், மூவருமாகச் சேர்ந்து. இங்கே லூயிவில் குளிருக்கு, அண்ணி சம்மதித்துக் கொடுக்கும் ஒரு சேலையை மட்டும் சதுரங்களாக வெட்டிப் பஞ்சு வைத்துத் தைப்பேன். பட்டில் கை வைக்கப் போவதில்லை, அவை அக்காவுக்கும் அண்ணிக்கும் ஒவ்வொன்றாகப் போகட்டும்.

ஒரே ஒரு ஐயம் மிச்சமிருக்கிறது. மூன்று சேலைகளை அடுக்கும்போது அவை ஒன்றுக்கொன்று நழுவாமல் எப்படி நிறுத்துவது?

நீலக்கரை எழுதியது:

கூடத்துத் தரையைத் துடைத்துக் காயவிட்டு, அடிச் சேலையைச் சுருக்கமின்றி விரித்து, ஓரங்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். அடுத்த இரண்டையும் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து இறக்கி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கையால் நீவிவிடுங்கள். பிறகு நடுவில் தொடங்கி நான்கு திசைகளிலும், ஒரு சாண் இடைவெளியில், பெரிய பெரிய தையலாக நூலோட்டிவிட்டு டேப்பை எடுத்துவிடலாம். அதற்குச் சேலையின் நிறத்தோடு சேராத நூலாக எடுத்துக்கொண்டால், முழுத் தையலும் முடிந்தபின் உருவி எடுப்பது எளிது.