புதுப்பிப்பு: அகலக்கோண லென்ஸ், கடைசியில் எதை வாங்கினேன்

என் கேனான் 200டி கேமராவுக்கு கேனான் 10-18 மி.மீ. லென்ஸா, டோக்கினா 11-16 மி.மீ. எஃப்/2.8 லென்ஸா, எதை வாங்கலாம் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பெரும்பாலோர் டோக்கினா பக்கம் சாய்ந்தீர்கள். இரண்டையும் கோவையில் வாடகைக்கு எடுத்து, பவானியில் ஒரு ஜமக்காளத் தறிக்கூடத்தில் வைத்துப் பார்த்தேன்.

குழித்தறி (குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்யும் தறி) போட்ட அறையில் பின்னால் நகர இடமில்லை, முதுகு சுவரில் இடித்தது. எண் குறைந்தால் படத்தில் அதிக இடம் அடங்கும்; 10க்கும் 11க்கும் இடையே உள்ள ஒரு மில்லிமீட்டர் அங்கே நன்றாகவே தெரிந்தது. வெளிச்சம்தான் தகராறு. கேனானில் லென்ஸை முழுதாகத் திறந்து (எஃப்/4.5), ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 3200க்கு ஏற்றியும் ஷட்டர் வேகம் 1/15 நொடிதான். நடுக்கத் தடுப்பு இருப்பதால் தறி கூர்மை, ஆனால் நாடா (ஊடுநூலைக் கொண்டுபோகும் கட்டை) எறியும் கை அசைவில் கலங்கிப் புகையாகிவிட்டது. எஃப்/2.8 கூடுதல் வெளிச்சம் விடுவதால் டோக்கினாவில் 1/40 வந்தது, கை ஓரளவு நின்றது.

சரி, டோக்கினாதான் என்று வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தால், எனக்குப் பிடித்தது அந்தப் புகைக் கைதான்! எடையும் கேனான் 240 கிராம், டோக்கினா 550. கேனானையே பழையதாக வாங்கினேன். முதலில் பார்த்த பழைய லென்ஸில் டார்ச் அடித்தால் உள்ளே பூஞ்சை, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கினேன்.

இந்த மாதிரி லென்ஸில் ஆட்களைப் படத்தின் ஓரத்தில் நிறுத்தாதீர்கள், இழுபட்டுப் பெரிதாகத் தெரிவார்கள். தறி ஓட்டிய பெரியவர் கேமராத் திரையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, எம்பட தலை இத்தாச்சோடா (இவ்வளவு பெரிதாக) இருக்குது?" என்றார். நடுவில் உட்காரவைத்து மறுபடி எடுத்துக் கொடுத்தேன்.