டென்ட்ரிமரின் நுனிகள் வெளியே நிற்கின்றனவா, உள்ளே மடங்குகின்றனவா?

கிளைவேந்தன்:
பாடநூலில் டென்ட்ரிமர் (மரம்போல் கிளைவிட்டு வளரும் பெரிய மூலக்கூறு) என்றாலே ஒரே படம்தான்: நடுவிலிருந்து கிளை மேல் கிளையாக விரிந்து, நுனிகள் எல்லாம் வெளிவட்டத்தில் வரிசையாக நிற்கும். அந்தப் படத்தைத் தூக்கிவிட வேண்டும். 1983இல் டி ஜென்னும் ஹெர்வேயும், வெளிப்பக்கம் போகப் போக அடர்த்தி கூடும் என்று கணித்தார்கள். 1990இல் லெஸ்கானெக்கும் முத்துக்குமாரும் கணினியில் வளர்த்துப் பார்த்தபோது வந்தது நேர்மாறு: நடுவில்தான் அடர்த்தி, நுனிகள் மடங்கி உள்ளே வருகின்றன. பின்னால் பாலாஃப் குழு நியூட்ரான் சிதறலில் (கரைசலில் நியூட்ரான் கற்றையைச் செலுத்தி, அது சிதறும் விதத்திலிருந்து மூலக்கூறின் வடிவத்தை அறியும் முறை) பார்த்ததும் நுனிகள் மூலக்கூறு முழுக்கப் பரவிக் கிடப்பதைத்தான். மருந்தை நுனியில் கட்டி அனுப்ப நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்காமல் முடியாது.

நெய்தல்:
பாலாஃப் குழு பார்த்தது நான்காம் தலைமுறை (கிளைவிடும் ஒவ்வொரு சுற்றும் ஒரு தலைமுறை). சின்ன மூலக்கூறு, உள்ளே இடம் தாராளம். ஏழாம் தலைமுறை பாமாம் (PAMAM என்ற டென்ட்ரிமர் வகை) வேறு கதை, அதில் 512 நுனிகள். 1999இல் டாப், பாவர் குழு அந்த நுனிகளில் மட்டும் டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏற்றி அளந்தது. நியூட்ரானை ஓர் அணு எப்படிச் சிதறடிக்கும் என்பதைச் சொல்லும் சிதறல் நீளம் ஹைட்ரஜனுக்கு −3.74 ஃபெம்டோமீட்டர், டியூட்டீரியத்துக்கு +6.67. இவ்வளவு வித்தியாசம் இருப்பதால், கரைப்பானைச் சரியாகக் கலந்தால் உள்கிளைகள் நியூட்ரானுக்குத் தெரியாமல் போகும், நுனிகள் மட்டும் தெரியும். முழு மூலக்கூறின் சுழற்சி ஆரம் (நடுவிலிருந்து பகுதிகள் இருக்கும் தூரத்தின் ஒருவகைச் சராசரி) 34.4 ஆங்ஸ்ட்ராம், நுனிகளுடையது 39.3. நுனிகள் வெளியேதான் இருக்கின்றன.

கிளைவேந்தன்:
அந்த 39.3ஐயே எடுத்துக்கொள்வோம். சீரான கோளமாக வைத்தால் ஆரம் 34.4 × √(5/3), அதாவது சுமார் 44.4. எல்லா நுனியும் மேற்பரப்பில் நின்றால் அவற்றின் சுழற்சி ஆரமும் 44.4க்குப் பக்கத்தில் வர வேண்டும். வரவில்லையே. பாதிக்குச் சற்றுக் குறைவாக மேற்பரப்பில், மிச்சம் உள்ளே சீராகப் பரவி இருப்பதாகப் போட்டுப் பாருங்கள், 39.3 வந்துவிடும்.

நெய்தல்:
நடுவிலிருந்து நுனிகளின் தூரத்துக்கு 38 ஆங்ஸ்ட்ராமைச் சராசரியாக வைத்து 10 ஆங்ஸ்ட்ராம் திட்ட விலக்கம் கொடுத்தாலும் அதே 39.3 வருகிறது. அதில் ஆழத்துக்கு மடங்கும் நுனி கிட்டத்தட்ட இல்லை. ஆக உங்கள் கணக்கு என் பக்கத்தைத் தள்ளவில்லை.

வெண்மணல்:
புதியவன் கேள்வி, தவறாக நினைக்க வேண்டாம். இரண்டு படமும் ஒரே எண்ணைத் தருகிறது என்றால் சிதறலால் என்ன பயன்?

நெய்தல்:
சுழற்சி ஆரம் சிதறல் வளைவின் (சிதறும் கோணம் கூடக்கூடச் சிதறலின் அளவு எப்படி மாறுகிறது என்ற வரைபடம்) தொடக்கத்தில் இருந்து வரும் ஒரு சராசரி மட்டும்தான் நண்பரே. வளைவு அதைத் தாண்டியும் போகிறது. 44 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள மெல்லிய ஓடு என்றால் முதல் பள்ளம் சிதறல் திசையன் (கோணத்தைக் குறிக்கும் அளவு, ஆங்ஸ்ட்ராமின் தலைகீழ் அலகில்) 0.071இல் விழும். திண்ம கோளம் என்றால் 0.10 வரை தள்ளிப் போகும். உள்ளேயும் கொஞ்சம், வெளியேயும் கொஞ்சம் என்றால் பள்ளத்தின் இடமும் ஆழமும் மாறும். எடுத்துச் சொல்ல வேண்டிய ஆதாரம் அதுதான், எண் ஒன்று மட்டும் இல்லை.

கிளைவேந்தன்:
அந்தப் பள்ளம் அளவீட்டில் அப்படியே கிடைக்கிறதா? நியூட்ரான் கற்றையில் அலைநீளமே பத்து சதவீத அளவுக்குப் பரவியிருக்கும், அது பள்ளத்தைத் தூர்த்துவிடும். அதோடு ஹைட்ரஜனின் ஒத்திசைவற்ற சிதறல் (வடிவத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் பின்னணியாக மட்டும் வருவது) 80 பார்ன். நுனிகள் மட்டும் தரும் மெல்லிய சமிக்ஞை அந்த இடத்தில் பின்னணிக்குள் மூழ்கும். மீதியை நிரப்புவது நாம் தேர்ந்த கணித மாதிரி. வெளி ஓட்டை வைத்துப் பொருத்தினால் ஓடுதான் வரும்.

நெய்தல்:
மாதிரியைத் தேர்வது நாம்தான், ஆனால் 39.3 எந்த மாதிரிக்கும் முந்தியது. முழு மூலக்கூறைவிட நுனிகள் சராசரியில் வெளியே என்பதை மடங்கல் கட்சி மறுக்க முடியாது.

கிளைவேந்தன்:
மறுக்கவில்லை. ‘சராசரியில் வெளியே’ என்பதும் ‘வரிசையாக வெளியே’ என்பதும் ஒன்றல்ல. பாடநூல் படம் இரண்டாவதைச் சொல்கிறது. ஒரே மூலக்கூறில் நுனிக்கு முந்தைய கிளைகளை மட்டும் டியூட்டீரியமாக்கி, அவற்றின் சுழற்சி ஆரத்தை 39.3க்குப் பக்கத்தில் வையுங்கள். அவை நுனிகளுக்கு நெருக்கமாக வந்தால், நுனிகள் அவற்றோடு கலந்து கிடக்கின்றன என்பேன்.

நெய்தல்:
அந்தச் சோதனைக்கு நானும் சம்மதம். ஆனால் ஏழாம் தலைமுறையில் செய்யுங்கள், நான்காமில் வேண்டாம்.